கெலிஓயாவில் ஆணியில்லாத வீடு

ஆணியே இல்லாத வீட்டைப் பார்க்கப் போன எனக்கு முதலில் காட்டப்பட்டது ஓர் ஆணிக்கடை. கெலிஓயாவில் கம்பளை வீதியைப் பார்த்தபடி நசார் ஹாஜியாரின் ஹார்ட்வெயார் கடை இருக்கிறது. வாசலில் பதினொரு தகரப் பெட்டிகள். அரை அங்குலத்தில் தொடங்கி ஆறு அங்குலம் வரை ஆணிகள், அள்ளிப்போட ஒரு சிரட்டை, நிறுக்க ஒரு தராசு. ஒட்டினாற்போல் இருக்கும் தளபாடக் கடையும் அவருடையதே. அங்கே ‘ஜப்பான் மொடல்’ என்று எழுதி ஒட்டிய கட்டில்களும் அலுமாரிகளும் நின்றன. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை, அதன்மேல் பலாமர நிறத்தில் ஒட்டிய தாள். ஒரு மூலையில் தாள் உரிந்திருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்த விற்பனையாளர் அந்த மூலையில் போய் நின்றுகொண்டார்.

திருச்சியில் ஒரு நாளிதழில் இருபத்தெட்டு ஆண்டுகள் செய்தி திருத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்போது வீட்டு அலங்காரத்துக்கென்று வரும் ஒரு மாத இதழுக்கு எழுதுகிறேன். இலங்கையில், கண்டிப் பக்கத்தில், ஒருவர் பழைய வீடொன்றை ஜப்பானிய முறையில், ஆணி அடிக்காமல், பழுதுபார்க்கிறார் என்று இதழின் ஆசிரியர் எங்கோ படத்தோடு படித்திருந்தார். “மரத்தின் மௌனம் கட்டுரையில் வர வேண்டும்” என்று சொல்லி அனுப்பினார். செவ்வாயிலிருந்து ஞாயிறுவரை இருந்தேன். மரம் மௌனமாகத்தான் இருந்தது. மற்ற யாரும் இருக்கவில்லை.

ஹாஜியாருக்கு அறுபது வயது இருக்கும். வெள்ளைத் தொப்பி, இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து. இஞ்சி தட்டிப்போட்ட, பால் விடாத பிளேன்டியும் கருப்பட்டித் துண்டும் வரவழைத்துவிட்டு வீட்டைப் பற்றிச் சொன்னார். அவருடைய வாப்பா வாங்கிப்போட்ட வீடு. வராந்தாவில் நான்கு பலாமரத் தூண்கள். இடதுகோடித் தூணின் அடி மட்டும், கூரைத் தண்ணீர் வருஷக்கணக்காக விழுந்து விழுந்து, உளுத்துவிட்டது. அதைச் சரிசெய்து, ஜப்பானிய முறையில் பழுதுபார்த்த வீடு என்று பெயர் வாங்கி, விருந்தினர் விடுதியாகத் திறக்க வேண்டும். அப்படிப் பெயர் தரக்கூடிய ஜப்பானியர் ஒருவர் சனிக்கிழமை நேரில் வருகிறார்.

“ஒரு ஆணி இல்ல மிஸ். ஒண்டே ஒண்டு இல்ல” என்றார்.

ஆணி விற்பவர் அதைப் பெருமையாகச் சொல்வது எனக்குப் புதிதாக இருந்தது. கேட்டேன்.

“அது யாவாரம், இது கலை” என்றார் ஹாஜியார், தகரப் பெட்டிகளை நோக்கிக் கையை வீசி.

வீடு அங்கிருந்து கால் மைல், மேட்டில். ஏறுவதற்குப் பிடித்த ஆட்டோ பாதியில் நின்றுவிட, மீதியை நடந்தேன். வராந்தா உத்தரத்துக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கழி கொடுத்திருந்தார்கள். நடுவில், நான்கு செங்கல் அடுக்கின்மேல், எண்ணெய் படிந்த லாரி ஜாக்கி ஒன்று கூரையின் பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. தூணின் உளுத்த அடி இரண்டடி உயரத்துக்கு வெட்டி எடுக்கப்பட்டிருந்ததால், மீதித் தூண் கால் இல்லாமல் காற்றில் தொங்கியது.

அதன் கீழே ஒரு பாயில் உட்கார்ந்திருந்தார் லோரன்ஸ் பாஸ். தச்சர், கொத்தர் எல்லாரையும் இங்கே பாஸ் என்கிறார்கள். நாற்பத்தைந்து வயது. கண்டி நகரத்து மஹய்யாவக்காரர். ஜப்பானில் ஒரு மலை நகரத்துத் தச்சுப் பட்டறையில் ஆறு வருஷம் வேலை பார்த்தவர். சனிக்கிழமை வரப்போகிற ஒகாவா அந்தப் பட்டறையின் முதலாளி. கண்டியில் புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகைக்கு யாத்திரை வரும் கூட்டத்தோடு வருகிறார், அதில் அரை நாளை இதற்கு ஒதுக்கியிருக்கிறார்.

ரம்பத்தை இங்கே வாள் என்பார்கள். நம் வாள் தள்ளும்போது அறுக்கும், ஜப்பான் வாள் இழுக்கும்போது அறுக்கும். இழைப்புளியும் அப்படித்தான், தன்னை நோக்கி இழுக்க வேண்டும். லோரன்ஸ் இழுத்து இழைப்பதை என் பின்னாலேயே நடந்து வந்து மதிலோரம் நின்று பார்த்த ஆட்டோக்காரர், “அந்த ஊருல எல்லாமே ரிவர்ஸ்தான் போல” என்று சொல்லிவிட்டுத் தன் வண்டியை ரிவர்ஸிலேயே இறக்கிப் போனார். போட்டிருந்த மரத்தை யாரும் தாண்டிப் போகக் கூடாது என்பது லோரன்ஸின் இன்னொரு சட்டம். சுற்றித்தான் போக வேண்டும். நானும் ஹாஜியாரும் சுற்றினோம். ஹாஜியார் வீட்டுப் பூனை சுற்றவில்லை.

வேலை இதுதான். பழைய தூணின் வெட்டுமுனையையும் புதிய கால்மரத்தின் தலையையும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொள்ளும்படி படிப்படியாகச் செதுக்க வேண்டும். இரண்டையும் பொருத்தியபின் நடுவில் ஒரு சதுரத் துளை மிஞ்சும். அதில் கடினமான மரத்தில் செய்த ஓர் ஆப்பை அடித்தால் இரண்டு பாதியும் இறுகிவிடும். ஆப்பைத் தட்டி எடுத்தால் கழன்றுவிடும். கழற்ற முடிவதுதான் இதன் சிறப்பு என்றார் லோரன்ஸ். இன்னொரு காலத்தில் இன்னொருவர் பழுதுபார்க்க வேண்டும் அல்லவா.

எங்கள் பக்கம் பழைய வீட்டைப் பழுதுபார்ப்பதில்லை. பிரித்து விற்போம். செட்டிநாட்டு வீட்டுத் தூண்களை உணவு விடுதிகளின் வாசலில் பார்க்கலாம், எதையும் தாங்காமல். பழுதுபார்த்தே ஆக வேண்டுமென்றால் உளுத்த அடியைச் சுற்றி ஒரு மூட்டை சிமெண்டு. அது கழலாது. தூண் உள்ளுக்குள் தூளானாலும் சிமெண்டு நிற்கும்.

அன்று சாயங்காலம் லோரன்ஸ் வீட்டில் சாப்பாடு. இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல், கருவாட்டுக் குழம்பு. மஹய்யாவவின் அந்தச் சந்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில் போகலாம். முன்னறைதான் பட்டறை. எட்டடிக்கு மேல் நீளமான பலகையை இழைப்பதென்றால் ஒரு முனையை எதிர்வீட்டு ஜன்னல் வழியாக அவர்கள் அடுப்படிக்குள் நீட்ட வேண்டும். எதிர்வீட்டம்மா அதன்மேல் குழம்புச் சட்டியின் மூடியை வைத்துவிடுவாராம். மாதா சுரூபத்துக்கு லோரன்ஸ் செய்த மேடை ஆணியில்லாமல் அழகாக நின்றது. அதற்கு மேலே, சுவரில், மூன்றங்குல ஆணியில் காலண்டர்.

“அது நான் அடிச்சது” என்றார் அவர் மனைவி ரீட்டா. பள்ளிக்கூட ஆசிரியை. “ஆறு வருஷம் ஜப்பான்ல இருந்து என்னா கொண்டாந்தாருன்னு கேளுங்க அக்கா. ரெண்டு வாளு, ஒரு கோவம்.”

ஹாஜியார் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். ஒகாவா பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால், அந்தப் பழைய வீட்டின் பின்னால் சும்மா கிடக்கும் நாற்பதடிக் கொட்டகை லோரன்ஸுக்கு. அதன் சாவி ஹாஜியாரின் இடுப்புக் கொத்தில் இருக்கிறது. முன்னறை காலியானால் கதிரைகளை, நம் ஊர் நாற்காலிகளை, எங்கே போடுவது என்று ரீட்டா ஏற்கெனவே சுவரில் பென்சிலால் குறித்து வைத்திருந்தார்.

புதன்கிழமை ஹாஜியாரின் லாரியில் தெல்தோட்டைக்குப் போனோம். அங்கே வாங்கிய பலாமரத்தின் மீதித் துண்டை ஏற்ற வேண்டும். லோரன்ஸுக்கு வேறொரு காரியம். ஆப்புக்கு நன்றாகக் காய்ந்து இறுகிய மரம் வேண்டும். அவருடைய தங்கை வீட்டில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில், முப்பது வருஷம் நெல்லும் மிளகாயும் குத்திய உலக்கை ஒன்று சும்மா சாத்தியிருந்தது.

போகும் வழியில்தான் லோரன்ஸ் மரத்தைப் பற்றிச் சொன்னார். கால்மரம் வெட்டி ஐந்து மாதந்தான் ஆகிறது. குறைந்தது இரண்டு வருஷமாவது நிழலில் காய வேண்டும். காயாத மரத்தில் பொருத்து வெட்டினால், பிறகு காயும்போது மரம் சுருங்கிப் பொருத்து விட்டுக்கொடுக்கும். இடித்த வீட்டிலிருந்து காய்ந்த பழைய மரம் ஒன்று பேசியிருந்தாராம். ஹாஜியார் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய வீட்டுக்குப் பழைய மரமா, ஆட்கள் என்ன சொல்வார்கள், புது மரம் காயும்வரை காத்திருக்கவும் முடியாது என்றாராம்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சரின்னேன்” என்றார் லோரன்ஸ்.

உலக்கை கிடைத்தது. திரும்பும் வழியில், தேயிலைச் சரிவுக்கு நடுவே, பின் டயர் வெடித்தது. சாரதி இறங்கி, இருக்கைக்கு அடியில் கைவிட்டுத் துழாவி, நிமிர்ந்து லோரன்ஸைப் பார்த்தார். ஜாக்கி கெலிஓயாவில் கூரையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

தொலைபேசியில் ஹாஜியார் பொறுமையாக விளக்கினார். ஜாக்கியை எடுத்தால் வராந்தா விழும், எடுக்காவிட்டால் லாரி வராது, எது அவசரம் என்று நாங்களே சொல்ல வேண்டும். கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு பெண் விவரம் கேட்டறிந்தார். “வீட்டுக்கு முட்டுக் குடுத்துட்டு வண்டிய நடுரோட்டுல விட்டீங்களாக்கும்” என்று சொல்லிவிட்டு, இதை மற்றவர்களுக்குச் சொல்ல வேகமாக நடந்தார். அடுத்த இருபது நிமிஷத்தில் சரிவு முழுக்கச் சிரிப்புக் கேட்டது.

மூன்று மணி நேரம் கழித்து வேறொரு லாரி வந்து ஜாக்கி தந்தது. அதற்குள் நானும் லோரன்ஸும் பஸ் பிடித்துவிட்டோம். நிற்கத்தான் இடம். பஸ் ஒவ்வொரு வளைவிலும் ஒருக்களிக்க, அவர் கையிலிருந்த உலக்கை ஒரு பக்கம் சாய்ந்தது, பயணிகள் மறுபக்கம் சாய்ந்தார்கள். கண்டக்டர் இது என்ன சாமான் என்றார். வீட்டுச் சாவி என்றார் லோரன்ஸ். ஆளையும் உலக்கையையும் ஒருமுறை பார்த்துவிட்டு, கண்டக்டர் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

வியாழக்கிழமை பொருத்தை மூடினார்கள். அதைப் பார்த்தது என் அதிர்ஷ்டம், வேறு பலருடைய துரதிர்ஷ்டம்.

கால்மரத்தின் தலை, படிப்படியாய்ச் செதுக்கியது, வெண்ணெயில் வெட்டியதுபோல் மஞ்சளாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்தது. காயவில்லை என்பது எனக்கே தெரிந்தது. லோரன்ஸ் ஒரு சிறிய மைக்கிண்ணமும் தூரிகையும் எடுத்தார். செதுக்கிய முகத்தில், மூடியபின் யாருக்கும் தெரியாத இடத்தில், ஜப்பானிய எழுத்தில் மேலிருந்து கீழாக நான்கு வரி எழுதினார்.

அது அங்குள்ள வழக்கம் என்றார். பொருத்துக்குள் தச்சர் தன் பெயரையும் வேலையையும் எழுதி மூடிவிடுவார். அடுத்துத் திறக்கும் தச்சருக்கான செய்தி அது. ஒகாவா பட்டறையில் ஒரு விதி கூடுதல்: செய்த தவறையும் எழுத வேண்டும். ஒருமுறை அவர்கள் திறந்த ஒரு தூணுக்குள், வீட்டுக்காரரின் மாமியார் நாள் முழுக்கப் பக்கத்தில் நின்று யோசனை சொன்னதால் அளவு கால் விரற்கடை பிசகிவிட்டது என்று எழுதியிருந்ததாம்.

“நீங்க என்ன எழுதினீங்க?”

விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுச் சொன்னார். இந்தக் காலை வைத்தவன் லோரன்ஸ். மரம் தெல்தோட்டைப் பலா, காயவில்லை. வீட்டுக்காரர் நசார் அவசரப்பட்டார், தெரிந்தே நானும் சம்மதித்தேன். அடுத்து வருகிறவர் காத்திருந்து செய்யவும்.

ஹாஜியாருக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“அடுத்து தொறக்குறவனுக்குத்தான் மிஸ் அது. இன்னும் எழுவது, எம்பது வருஷம் போவும்.”

பொருத்தினார்கள். உலக்கையில் செதுக்கிய ஆப்பைக் கொட்டாப்புளியால் தட்டத் தட்ட, சத்தம் தடித்துக்கொண்டே போய், கடைசியில் கல்லில் அடித்ததுபோல் ஆயிற்று. பொருத்தில் ஒரு தலைமுடி நுழையாது. ஜாக்கியை இறக்கினார்கள். கூரை தூணில் உட்கார்ந்தது. சாரதி ஜாக்கியைத் துடைத்து, குழந்தையைத் தூக்குவதுபோல் லாரிக்குத் தூக்கிப் போனார்.

எண்பது வருஷம் நாற்பத்தெட்டு மணி நேரத்தில் முடிந்தது.

வெள்ளிக்கிழமை ஹாஜியார் வீட்டில் பகல் சாப்பாடு. அவர் மனைவி முட்டையும் தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துச் செய்த வட்டிலப்பத்தைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம், எழுதினால் இதழ் அதில் மரத்தைத் தேடும். ஜும்மா முடிந்து வந்த ஹாஜியார் எனக்கு ஒன்று காட்ட வேண்டும் என்று முன்னால் நடந்தார். நான் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு மேட்டில் ஏறியபோது வராந்தாவில் சுத்தியல் சத்தம் கேட்டது.

வார்னிஷ் அடித்த ஒரு பலகை. சிங்களம், தமிழ், ஆங்கிலம், ஜப்பானியம் நான்கிலும் பொன்னிற எழுத்து: இந்த வீடு ஓர் ஆணியும் இல்லாமல் பழுதுபார்க்கப்பட்டது. அதை ஹாஜியார் தன் கையாலேயே, தன் கடையின் இரண்டரை அங்குல ஆணிகளால், புதிய பொருத்தின் மேலேயே அடித்துக்கொண்டிருந்தார். மூன்று முடிந்திருந்தது. நான்காவது நேராக ஆப்புக்குள் இறங்கியது. உலக்கை மரம் லேசில் இடங்கொடுக்கவில்லை. மனுஷர் இரண்டு கையாலும் அடித்தார்.

நான் தடுக்கவில்லை. நடப்பதைத் தடுத்தால் செய்தி கிடைக்காது என்று பழகிய தொழில். எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டேன். நான்கு.

லோரன்ஸ் வந்தார். பலகையைப் படித்தார். நான்கு மொழியும் அவருக்குப் படிக்க வரும் என்பதால் நேரம் எடுத்தது. பிறகு, ஏன் இந்தத் தூணில் என்று மட்டும் கேட்டார்.

“இதப் பாக்கத்தானே வாராங்க? பொருத்து எங்க ஈக்கெண்டு ஆருக்கும் தெரியல்ல, அவ்வளவு நல்லாச் செஞ்சி வெச்சீக்கீங்க. தெரியாத வேலைய எப்படிக் காட்டுற?”

கழற்றச் சொன்னார் லோரன்ஸ். ஜப்பான்காரர் பார்த்த பிறகு கழற்றலாம் என்றார் ஹாஜியார். சாவிக்கொத்தை அவர் ஆட்டவில்லை. நடந்தபோது அதுவே ஆடியது.

சனிக்கிழமை ஒகாவா வந்தார். எழுபது வயது தாண்டிய சிறிய மனிதர். கழுத்தில் யாத்திரைக் குழுவின் அட்டை. அவருடைய வேன் மேட்டில் ஏறாததால் ஆட்டோவில் வந்தார், அது பாதியில் நிற்க, நடந்து வந்தார். லோரன்ஸும் அவரும் எதிரெதிரே குனிந்து நிமிர்ந்தார்கள். ஹாஜியார் சலாமுக்குக் கையெடுத்து, அதைக் குனிதலாக மாற்றி, இரண்டுக்கும் நடுவில் நின்றார்.

ஒகாவா பலகையின் முன்னால் நின்று ஜப்பானிய வரியைப் படித்தார். பிறகு ஆணிகளைப் பார்த்தார், மேல் இரண்டு, கீழ் இரண்டு. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தூணை விரல் கணுவால் தட்டிக் காதை வைத்தார். இன்னொரு இடத்தில் தட்டினார். லோரன்ஸிடம் மெதுவாக ஏதோ சொன்னார்.

“தொறக்கச் சொல்றாரு” என்றார் லோரன்ஸ். அவர் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

நன்றாக இருப்பதை ஏன் திறக்க வேண்டும் என்று ஹாஜியார் கேட்டார். உள்ளே பார்க்காமல் எதையும் சொல்வதில்லை என்று பதில் வந்தது. சாரதியை மறுபடி கூப்பிட்டார்கள். “அடுத்த தடவ என் ஜாக்கிக்கும் ஒரு ரூம் போட்டுக் குடுங்க ஹாஜியார்” என்றபடி கொண்டுவந்தார். லோரன்ஸ் முதுகைக் காட்டிக் குனிந்து ஜாக்கியை ஏற்றிக்கொண்டிருக்க, ஆணிகளை ஒகாவாவே குறட்டால் பிடுங்கினார். ஒன்றைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மற்றவற்றை மரியாதையாக, இரண்டு கையாலும், ஹாஜியாரிடம் கொடுத்தார். ஹாஜியாரும் இரண்டு கையால் வாங்கிக்கொண்டார்.

ஆப்பு வெளியே வந்தது. கால்மரத்தைப் பக்கவாட்டில் நகர்த்தினார்கள். நான்கு வரி வெயிலில் தெரிந்தது.

ஒகாவா மூக்குக்கண்ணாடியை மாற்றி, உரக்க, நிறுத்தி நிறுத்தி, நான்கு வரியையும் படித்தார்.

“என்ன செல்றார்?” என்றார் ஹாஜியார்.

அந்த வராந்தாவில் இரண்டு பாஷையும் தெரிந்தவர் ஒருவர்தான். அவருக்குப் பின்னால் திறந்த கதவு வழியே நாற்பதடிக் கொட்டகை தெரிந்தது.

“வேல நல்லா இருக்குன்னு சொல்றாரு.”

ஹாஜியார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் தராசுக்குப் பின்னால் நின்றவர். “லோரன்ஸ், அவர் படிச்சது நாலு வரி. நீங்க தந்தது ஒரு வரி. மத்த மூணும் எங்க?”

லோரன்ஸ் என்னைப் பார்த்தார். நான் குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தேன். பிறகு அவர் நிமிர்ந்து நின்று, வாத்தியாரிடம் ஒப்பிப்பதுபோல், முதல் வரியிலிருந்து சொன்னார். வீட்டுக்காரர் நசார் அவசரப்பட்டார் என்ற இடத்தில் நிறுத்தவில்லை, தெரிந்தே நானும் சம்மதித்தேன் என்ற இடத்தில் நிறுத்தி மூச்சுவிட்டார். முடித்தார்.

ஹாஜியார் கையிலிருந்த ஆணிகளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“என்ட வீட்டுத் தூணுக்குள்ள என்னப் பத்தி எழுதி மூடி வெச்சீக்கீங்க” என்றார் ஹாஜியார்.

“ஓங்களப் பத்தியும் என்னப் பத்தியும்.”

“எழுபது வருஷம் கழிச்சி ஒருத்தன் தொறந்து இத வாசிப்பான். அப்ப பதில் செல்ல நான் ஈப்பனா?”

“இருக்க மாட்டீங்க.”

“அப்ப இப்ப செல்றேன். எடுங்க மைய.”

லோரன்ஸுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இருபத்தெட்டு வருஷம் மறுப்புக் கடிதங்களைத் திருத்தியவள். எங்கள் நாளிதழில் மறுப்பு மூன்று வாரம் கழித்து, குறுக்கெழுத்துக்குக் கீழே, எட்டு வரியில், எறும்பு எழுத்தில் வரும். இங்கே ஒருவர் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், பக்கம் மூடப்படும் முன்பே இடம் கேட்டார். ஒகாவாவுக்கு விஷயத்தைச் சொன்னபோது அவர் உடனே தலையாட்டி, மைக்கிண்ணத்தைத் தாமே பிடித்துக்கொண்டார்.

ஹாஜியார் நெஞ்சை நிமிர்த்தி, தூணைப் பார்த்தே பேசினார். “நான் அவசரப்பட்டது உண்ம. ரெண்டு வருஷம் காத்திருந்தா மரம் காஞ்சிருக்கும், அதுக்கு முந்தி ஒரு மழைக்குக் கூர விழுந்திருக்கும். இத வாசிக்கிறவர் கூரைக்குக் கீழ நிண்டு வாசிக்கிறார் எண்டா, அது என்ட அவசரத்தால. அவ்வளவுதான்.”

அவர் சொன்னதில் பிழை இருந்தால் கண்டுபிடிக்க முயன்றேன். காய்ந்த பழைய மரத்தையே வாங்கியிருக்கலாம், முட்டும் ஜாக்கியும் இரண்டு வருஷம் நின்றிருக்கலாம் என்று வாதாடலாம். சாரதி பக்கத்தில் நின்றதால் யாரும் வாதாடவில்லை.

லோரன்ஸ் எழுதினார். பழைய நான்கு வரிக்குப் பக்கத்தில் புதிதாக ஐந்து வரி. ஒகாவா கண்ணாடியை மாற்றிப் படித்தார், இந்த முறை மனத்துக்குள். கடைசி வரிக்கு வந்ததும் வாயைக் கையால் மூடிக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். தன் சொல்லுக்குக் கிடைத்த பாராட்டு என்று ஹாஜியார் அடக்கமாகத் தரையைப் பார்த்தார்.

பொருத்தை மறுபடி மூடி ஆப்பை அடித்த பிறகு, புறப்படும் முன், ஒகாவா தீர்ப்பைச் சொன்னார். பொருத்து சரி, மரம் சரியில்லை. காயக் காய விலகும், அப்போது ஆப்பை இன்னும் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும், ஆப்பு அதற்குத்தான். இந்த வீட்டிலேயே நல்ல மரம் அந்த ஆப்புதான், அது எந்த நாட்டு மரம் என்றும் கேட்டார். உலக்கை என்பதற்கு லோரன்ஸிடம் ஜப்பானியச் சொல் இல்லை. குத்திக் காட்டினார்.

ஒகாவா சம்மதித்தார் என்று வெளியே சொல்லிக்கொள்ளலாமா என்பது ஹாஜியாரின் கடைசிக் கேள்வி.

“வந்தார்ன்னு சொல்லிக்கலாமாம்” என்றார் லோரன்ஸ்.

ஹாஜியாருக்கு அது போதுமானதாக இருந்தது. அடுத்த பலகையின் வாசகம் அவர் முகத்தில் அப்போதே ஓடியது. பிறகு இடுப்புக் கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றினார். “பாதிக் கொட்டகையில என்ட மரம் காயும், ரெண்டு வருஷம். மத்தப் பாதி ஒங்கட. காயல்ல எண்டு இனி ஆரும் உள்ளுக்கு எழுதப்படாது.” ரீட்டாவின் பென்சில் குறிகளுக்குக் கதிரை வந்துவிடும் என்று கணக்கிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு லோரன்ஸ் என்னைக் கண்டி ஸ்டேஷனில் விட வந்தார். ரீட்டா கட்டித்தந்த பாண் என்கிற ரொட்டித் துண்டுகளும் கட்லட்டும் மடியில் சூடாக இருந்தன. ஆசிரியர் ஏற்கெனவே தலைப்பு அனுப்பியிருந்தார்: ஆணியே இல்லாத வீடு. நான் மறுத்து எழுதவில்லை.

ரயில் நின்றது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியே கேட்டேன். ஹாஜியார் சொன்னது நான்கு வரிதான் வரும், ஐந்து எப்படி ஆயிற்று?

லோரன்ஸ் பிளாட்பாரத்தை இரண்டு பக்கமும் பார்த்தார். “அவரு சொன்னத அப்படியேதான் எழுதினேன் மிஸ். கடைசியில ஒண்ணு மட்டும் நானா சேத்தேன். ‘இதைச் சொல்லும்போது அவர் கையில் நான்கு ஆணி இருந்தது.’” சொல்லிவிட்டு, சிரிப்புக்காகக் காத்திருந்தார்.

“மூன்று” என்றேன்.

“நாலு மிஸ். நீங்கதானே எண்ணினீங்க.”

“தூணில் நான்கு. கையில் மூன்று. நீங்கள் ஜாக்கிக்குக் குனிந்திருந்தபோது ஒகாவா ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.”

ரயில் நகரத் தொடங்கியது. லோரன்ஸ் ஜன்னலோடு சில அடி நடந்தார். திருத்த வேண்டுமென்றால் மறுபடி ஜாக்கி, மறுபடி ஆப்பு. அது இருவருக்கும் தெரிந்தது.

“அப்ப ஒகாவா அதுக்குத்தான் சிரிச்சாரா?” என்றார்.